தேதிகள் வரைந்த எல்லை: சோஜி லாவிலிருந்து தாங் வரை

ஞாயிறு, திராஸ்

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலை சோனமார்க்கைத் தாண்டியதும் பால்தால் சமவெளியைக் கீழே விட்டுவிட்டு, மலையின் விலாவைக் குடைந்து போட்ட ஒற்றைப் பாதையாகச் சோஜி லா கணவாய்க்கு ஏறுகிறது. இதன் உயரம் 3,528 மீட்டர்தான். லடாக்கில் இதைவிட உயர்ந்த கணவாய்கள் பல இருந்தாலும், காஷ்மீரிலிருந்து லடாக்கிற்குள் நுழைய வேறு நல்ல வாசல் இல்லாததால், இந்த வாசலைப் பிடித்தவர் கையில்தான் அப்பால் உள்ள நாடு இருக்கும் என்பது பல நூற்றாண்டு அனுபவம். கணவாய்க்கு இந்தப் பக்கம் தேவதாரு மரங்களும் புல்வெளியும். அந்தப் பக்கம் இறங்கிய சில நிமிடங்களில் மரம் என்பதே இல்லாமல் போய், பழுப்பும் சாம்பலுமாகக் கல் மட்டுமே மிஞ்சுகிறது. குளிர்காலப் பனியில் இப்பாதை மூடிக்கொள்வதால், கணவாய்க்கு அடியில் 13 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் சுரங்கப்பாதை குடைந்துவருகிறார்கள்.

இந்தப் பயணத்தை நான் மேற்கொண்டதற்குக் காரணம் ஒரு வரைபடம். காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டை அதில் கூர்ந்து பார்த்தால், அது ஆற்றையோ நீர்பிரி முகட்டையோ மொழியையோ மதத்தையோ முறையாகப் பின்பற்றுவதில்லை என்பது தெரியும். ஒரு பள்ளத்தாக்கின் நடுவே குறுக்காக விழுகிறது; ஒரே ஆற்றின் கரையில் இருக்கும் அடுத்தடுத்த இரண்டு ஊர்களை இரண்டு நாடுகளில் வைக்கிறது. குறிப்பிட்ட ஒரு நாளில் எந்தப் படை எங்கே நின்றதோ அதுவே பெரும்பாலும் இங்கே எல்லையாகிவிட்டது என்பதைப் படித்திருந்தேன். அந்த நாட்களை அந்தந்த இடத்தில் நின்று விளங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்பினேன்.

முதல் பாடம் சோஜி லாவிலேயே இருக்கிறது. காஷ்மீருக்காக நடந்த முதல் இந்திய-பாகிஸ்தான் போரில், 1948 மே, ஜூன் மாதங்களில் கார்கிலும் திராஸும் பாகிஸ்தான் தரப்பிடம் வீழ்ந்தன. இன்று பாகிஸ்தான் வசமுள்ள பால்டிஸ்தானில், மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கிய ஸ்கர்டு கோட்டை ஆகஸ்ட் 14 அன்று சரணடைந்தது. லேவுக்குச் செல்லும் தரைவழி அறுந்த நிலையில், பனி விழுவதற்குள் சோஜி லாவைத் திறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது. மேஜர் ஜெனரல் திம்மய்யா அங்கே டாங்கிகளைக் கொண்டுபோகத் தீர்மானித்தார். கோவேறு கழுதைகள் மட்டுமே நடந்த தடத்தை மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர், குளிரிலும் எதிரியின் துப்பாக்கிச் சூட்டிலும், வண்டி ஏறும் பாதையாக அகலப்படுத்திக் கொடுத்தார்கள். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இப்படைப்பிரிவில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றி வந்திருக்கிறார்கள். சோஜி லாவின் வெற்றியைச் சொல்லும்போது டாங்கிகளைச் சொல்லிவிட்டு, மண்வெட்டி பிடித்தவர்களை விட்டுவிடுவது முறையல்ல என்பது என் எண்ணம். கோபுரங்களைக் கழற்றி, துணி போர்த்தி, எதிரி அறியாதபடி பால்தாலுக்குக் கொண்டுவரப்பட்ட ஏழாவது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் நவம்பர் 1 அன்று கணவாயைக் கடந்தன. அந்த மாதத்திற்குள் திராஸும் கார்கிலும் மீண்டன. 1949 ஜனவரி 1 அன்று போர் நிறுத்தம் அமலுக்கு வந்தது. ஸ்கர்டு மறுபக்கத்திலேயே நின்றுவிட்டது.

மாலையில் திராஸுக்கு அருகே நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் போர் நினைவிடத்திற்குச் சென்றேன். அதன் பின்னால் தோலோலிங் முகடு நிமிர்ந்து நிற்கிறது. 1999-இல் இம்முகடுகளில் ஊடுருவி அமர்ந்தவர்களுக்கு இந்தச் சாலை எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்பதை அங்கே நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. கீழே ஊர்ந்து செல்லும் ஒவ்வொரு லாரியையும் மேலிருந்து எண்ணிவிடலாம். ஜூன் 13 அன்று தோலோலிங்கும் ஜூலை 4 அன்று டைகர் ஹில்லும் மீட்கப்பட்டன. பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்த இடத்தில் மேஜர் மாரியப்பன் சரவணனைத் தேடிப் படித்தேன். திருச்சியைச் சேர்ந்த அவர் பிகார் ரெஜிமென்டின் முதலாவது பட்டாலியனுடன், இங்கிருந்து கிழக்கே உள்ள பட்டாலிக் பகுதியில், மே 29 அன்று உயிர் துறந்தார். பனியும் குண்டு வீச்சும் தடுத்ததால் அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்திற்கும் மேல் ஆயிற்று. வீர சக்கர விருது அவருக்கு இறப்பிற்குப் பின் வழங்கப்பட்டது. திருச்சியில் இருக்கும் அவருடைய நினைவுச் சின்னத்தைக் கடந்து போகிற நம் மக்களில் பலருக்கு, அவர் இறந்த மலை எத்தகையது என்பது தெரிந்திருக்காது. மரமோ புதரோ இல்லாத, ஒளிந்துகொள்ள ஒரு பாறையைத் தவிர வேறொன்றும் கிடைக்காத செங்குத்துச் சரிவு அது.

திங்கள், கார்கில்

கார்கில் என்றால் போர் என்றே நாம் பழகிவிட்டோம். இவ்வூர் மக்களுக்கு அதில் மனக்குறை உண்டு. அது நியாயமான குறை. சுரு ஆற்றின் கரையில், ஸ்ரீநகரிலிருந்தும் லேவிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தொலைவில், இரண்டு பக்கமும் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலாக, இது அமைந்திருக்கிறது. தெற்கே சன்ஸ்கார், வடக்கே சிந்து நதி வழியாக ஸ்கர்டு. நான்கு திசை வணிகர்களும் இரவு தங்கிச் சரக்கு மாற்றிய சந்திப்பு ஊர் இது.

அதற்குச் சாட்சியாக ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. முன்ஷி அஜீஸ் பட் என்ற வணிகர் 1920-இல் ஆற்றங்கரையில் ஒரு சராய் கட்டினார். கீழே குதிரைகளுக்கும் சரக்குக்கும் இடம், மேலே வணிகர்களுக்கு. எல்லைகள் மூடி வணிகம் நின்ற பிறகு பூட்டிக் கிடந்த அக்கட்டடத்திலிருந்து அவருடைய வழித்தோன்றல்கள் எடுத்துக் காத்த பொருட்கள்தான் இன்று காட்சிக்கு இருக்கின்றன. யார்கந்துக் கம்பளங்கள், குதிரைச் சேணங்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த சில்லறைச் சாமான்கள், கணக்கு ஏடுகள். ஓர் உலகச் சந்தையின் மிச்சம் ஒரு வீட்டின் அறைகளுக்குள் அடங்கியிருக்கிறது. அரசு செய்ய வேண்டிய வேலையை ஒரு குடும்பம் தன் கைப்பொருளைக் கொண்டு செய்துவருவதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

டோக்ரா ஆட்சியின் தளபதி ஜொராவர் சிங் 1834-இல் லடாக்கையும் 1840-இல் பால்டிஸ்தானையும் கைப்பற்றிய பிறகு, ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தில் இவ்விரண்டும் ஒரே நிர்வாகமாகின. லே, கார்கில், ஸ்கர்டு ஆகிய மூன்றும் அதன் தாலுகாக்கள். கோடையில் லேவிலும் குளிர்காலத்தில் ஸ்கர்டுவிலும் நிர்வாகம் நடந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை அதிகாரிகளும் கோப்புகளும் பயணம் போன அந்தப் பாதையில்தான் 1948-க்குப் பிறகு பொதுமக்கள் நடமாட்டமே இல்லை. கடைத்தெருவில் ஆப்ரிகாட் விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம், "சாச்சா, ஸ்கர்டு இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று இந்தியில் கேட்டேன். "ஜீப் போனால் ஒரே பகல். இப்போது போக வேண்டுமென்றால் முதலில் டெல்லிக்குப் போ" என்றார். அவருடைய அத்தை குடும்பம் அங்கே இருக்கிறதாம்.

செவ்வாய், ஹுண்டர்மான்

கார்கிலிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில், வளைந்து வளைந்து ஏறும் மலைச் சாலையின் முடிவில் ஹுண்டர்மான் இருக்கிறது. ஊரில் இரண்டு பகுதிகள். மக்கள் இப்போது வாழ்வது மேலே. கீழே, மலைச்சரிவில் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல் கட்டிய பழைய ஊர் ஆளில்லாமல் கிடக்கிறது. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் முற்றமாக இருக்கிறது. குளிரைத் தாங்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. வாசல்கள் குனிந்து நுழையும் உயரத்திலும், சுவர்கள் முழங்கை நீளத்தைத் தாண்டிய கனத்திலும் உள்ளன.

அதில் ஒரு வீட்டை நினைவு அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். நம் வீட்டுக் கல்சட்டிகளைப் போலவே கல்லில் குடைந்த சமையல் பாத்திரங்கள், மரக் கரண்டிகள், கம்பளி உடைகள், எல்லைக்கு அப்பாலிருந்து உறவினர்கள் எழுதிய கடிதங்கள். உருது தெரிந்த இளைஞர் ஒருவர் ஒரு கடிதத்தை எனக்காக வாசித்துச் சொன்னார். அதில் அரசியல் ஒரு வரியும் இல்லை. யாருக்குத் திருமணம் முடிந்தது, யார் இறந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறான் என்று பெயர் பெயராக நலம் விசாரித்து, எல்லாருக்கும் தனித்தனியாக சலாம் சொல்லி முடிகிறது. பக்கத்து ஊரில் இருப்பவருக்கு எவரும் கடிதம் எழுதுவதில்லை. பக்கத்து ஊருக்கு எழுதப்பட்டது என்பதாலேயே அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்பகுதியின் மலைகள் எத்தனை முறை கைமாறின என்பதைச் சொன்னால்தான் அந்தக் கடிதம் புரியும். கார்கிலின் மேலே நெடுஞ்சாலையை நோக்கி நிற்கும் 13620 என்ற முனையை இந்திய ராணுவம் 1965 மே மாதம் கைப்பற்றியது. ஜூன் இறுதியில் திருப்பிக் கொடுத்தது. ஆகஸ்டில் மீண்டும் பிடித்தது. 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் உடன்பாடு கையெழுத்தான பின் மீண்டும் கொடுத்தது. 1971 டிசம்பரில் மூன்றாம் முறையாகப் பிடித்தபோது ஹுண்டர்மானும் இந்தப் பக்கம் வந்தது. அதன் பிறகு திருப்பித் தரப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த முனைக்காக வீரர்கள் இறந்திருக்கிறார்கள். உடன்பாட்டு மேசையில் அது ஓர் எண்.

பழைய ஊரிலிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தாக்கும், அதன் அப்பால் பச்சைத் திட்டாகப் பாகிஸ்தான் வசமுள்ள ஒரு சிற்றூரும் தெரிகின்றன. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். நான் பார்க்கவில்லை, ஒருவர் வீட்டு முற்றத்தை வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

வியாழன், லே

முல்பெக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேய புத்தரையும், 4,108 மீட்டரில் ஃபோட்டு லாவையும், லாமாயுரு மடாலயத்தையும் கடந்து லேவுக்கு வந்து, உயரம் பழகுவதற்காக ஒரு நாள் ஓய்வெடுத்தேன். இங்கே ஓய்வு அவசியம். நேராக விமானத்தில் இறங்குபவர்கள் இரண்டு நாட்களாவது இருக்க வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது என்பதையும் வருபவர்கள் நினைவில் கொள்ளட்டும். எல்லையோரச் சிற்றூரான துர்துக் செல்வதற்கான அனுமதிச் சீட்டை இங்கேயே வாங்கிக்கொண்டேன். சாவடிகளில் கொடுக்க அதன் நகல்கள் தேவைப்படும்.

லேயின் பழைய கடைவீதி காரகோரம் கணவாய் வழியாக யார்கந்துடன் நடந்த வணிகத்தால் வளர்ந்தது. கம்பளங்களும் பட்டும் அங்கிருந்து இறங்கின. இந்தியத் துணியும் மசாலாவும் ஏறின. 1949-இல் சின்ஜியாங் சீனக் கம்யூனிஸ்டுகள் வசமான பின் அவ்வழி அடைபட்டது. ஆக, இரண்டே ஆண்டுகளுக்குள் லடாக் தன் வடக்கு வாசலையும் மேற்கு வாசலையும் இழந்தது. இன்று சாலையின் கடைக்கோடியில் இருப்பதாக நாம் நினைக்கும் இந்த ஊர் அதற்கு முன்பு நடுவில் இருந்தது.

வெள்ளி, ஹுண்டர்

கார்துங் லா 5,359 மீட்டர். அதைவிட அதிக உயரத்தைச் சொல்லும் பலகைகளையும் சட்டைகளையும் நம்ப வேண்டாம். உண்மையான உயரமே மூச்சு வாங்கப் போதுமானது. இறங்கினால் ஷியோக் ஆறும், சியாச்சின் பனிப்பாறையிலிருந்து வரும் நுப்ரா ஆறும் சேரும் அகன்ற மணற்பரப்பு. ஹுண்டரின் மணற்குன்றுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் யார்கந்து வணிகச் சாத்துகளோடு வந்தவற்றின் சந்ததி. டிஸ்கிட் மடாலயத்துக்குக் கீழே 32 மீட்டர் உயர மைத்ரேயர் சிலை ஷியோக் பாயும் திசையைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. நாளை நான் போவதும் அந்தத் திசைதான்.

சனி, துர்துக்

ஹுண்டரைத் தாண்டியபின் பள்ளத்தாக்கு குறுகுகிறது. ஷியோக் சாம்பல் நிறத்தில் உறுமிக்கொண்டு ஓடுகிறது. சாலை அதை ஒட்டியே போகிறது. ராணுவ முகாம்கள், சாவடிகள், மீண்டும் முகாம்கள். சலுங்கா என்ற ஊரைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. புத்த ஸ்தூபிகள் மறைந்து மசூதிகள் வருகின்றன. மூவாயிரம் மீட்டருக்கும் தாழ்ந்த உயரம் என்பதால் வெயில் இதமாக இருக்கிறது. பாறைக்கு நடுவே ஆப்ரிகாட் தோப்புகள் தென்படுகின்றன.

துர்துக்கை ஒரு மலையோடை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பகுதி யுல், மறுபகுதி ஃபரோல். மரப்பாலத்தைக் கடந்து மேட்டில் ஏறினால், வீடுகளுக்கு இடையே கால்வாய்கள் சலசலக்கும் சந்துகள். அதற்கு அப்பால் இளஞ்சிவப்பாகப் பூத்த பக்வீட் தானிய வயல்கள். வாற்கோதுமையை அறுத்த கையோடு அதே வயலில் இதை விதைத்து ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். லடாக்கின் பெரும்பகுதிக்கு அது வாய்க்காத பேறு. இந்த மாவில் சுட்ட மெல்லிய தோசை போன்ற கிசீரைத் தயிர்த் துவையலோடு மதியம் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இங்கு நான் மிக நுணுக்கமாகப் பார்த்தது நங்சுங் எனப்படும் குளிர் அறை. பாறைக் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி, பாதி நிலத்துக்குள் இறங்கியபடி கட்டியிருக்கிறார்கள். கற்களுக்கிடையே வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் வழியே அடியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. விடுதி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் முழங்கால் உயரக் கதவைத் திறந்து என் கையை உள்ளே விடச் சொன்னார். வெளியே வியர்த்துக்கொண்டிருந்த கையில், மயிர்க்கால்கள் சிலிர்க்கும் குளிர். உள்ளே வெண்ணெய்ப் பாத்திரமும், இறைச்சியும், பால் குடமும் இருந்தன. குளிர்காலத்தில் உள்ளே இருப்பவை உறையாமலும் இது காக்கிறது என்றார். மின்சாரமே இல்லாத காலத்தில் வந்த அறிவு.

கப்லுவை ஆண்ட யப்கோ வம்சத்தின் வழிவந்தவர்களின் பழைய வீடும் இங்கே இருக்கிறது. துர்துக்கின் அரசு, சந்தை, திருமண உறவு எல்லாமே ஷியோக் பாயும் கீழ்த்திசையில், கப்லு, ஸ்கர்டு பக்கமாகத்தான் இருந்தன. மக்கள் பால்டிகள், திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்த பால்டி மொழி பேசுகிறார்கள், பெரும்பாலோர் நூர்பக்ஷி என்ற சூஃபி மரபினர். 1949 முதல் 1971 வரை இவ்வூர் பாகிஸ்தான் வசம் இருந்தது.

1971 டிசம்பரில் மேஜர் செவாங் ரின்சென் லடாக்கிய வீரர்களோடு ஷியோக் வழியாகக் கீழிறங்கி, சலுங்கா, துர்துக், தியாக்ஷி என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனார். பக்கத்து நுப்ராவின் சுமுர் ஊர்க்காரர் அவர். 1948-இல் பதினேழு வயதில் நுப்ராவைக் காக்க ஊர் இளைஞர்களைத் திரட்டியதற்கு மகாவீர் சக்கரம் பெற்றவர். இம்முறை இரண்டாவது மகாவீர் சக்கரம் கிடைத்தது. டிசம்பர் 17 இரவு 8 மணிக்குப் போர் நின்றபோது அவருடைய படை துர்துக்குக்கு அப்பால் உள்ள தாங் என்ற ஊர் வரை போயிருந்தது. இன்னும் சில நாட்கள் போர் நடந்திருந்தால் கோடு கப்லுவுக்கு அருகே விழுந்திருக்கலாம். சில நாட்கள் முன்பே நின்றிருந்தால் துர்துக் இன்றும் பாகிஸ்தானில் இருந்திருக்கும்.

1972 ஜூலையில் கையெழுத்தான சிம்லா உடன்பாட்டின் ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்தப் போரில் பஞ்சாப், சிந்து, ராஜஸ்தான் பகுதிகளில், சர்வதேச எல்லையைத் தாண்டிப் பிடித்த நிலங்களை இரு நாடுகளும் திருப்பிக் கொடுத்தன. ஷகர்கர் பகுதியை இந்தியா அப்படித்தான் விட்டுத் தந்தது. ஜம்மு காஷ்மீரில் மட்டும், 1971 டிசம்பர் 17 அன்று உருவான நிலைக்கோட்டை இரு தரப்பும் மதிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். துர்துக்கும் ஹுண்டர்மானும் இந்தியாவில் நிலைத்தது இந்த விதிவிலக்கால்தான்.

மாலையில் மசூதிக்கு அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் பேசினார். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய மூத்த அண்ணன் கூலி வேலைக்காக ஸ்கர்டு போயிருந்தார். மாதக் கடைசியில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். அண்ணி இரண்டு குழந்தைகளோடு இங்கே இருந்தார். "வந்த சிப்பாய்கள் பேசியது எங்களுக்குப் புரிந்தது, கிட்டத்தட்ட எங்கள் பேச்சுதான். அதனால் பயம் குறைந்தது. ஆனால் அண்ணன் வரவில்லை" என்றார். பல ஆண்டுகள் கழித்துக் கடிதம் வந்ததாம். அதற்கும் பல ஆண்டுகள் கழித்து ஒளிநாடா ஒன்றில் அண்ணனின் முகத்தைப் பார்த்தார்களாம். படிக்கவும் பிழைக்கவும் ஆண்கள் வெளியூர் போயிருந்த நேரத்தில் எல்லை மாறியதால், இந்த ஊர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல.

1999-இல் போர் இங்கும் வந்தது. ஜூன் மாதம் துர்துக்குக்கு மேலே பனிமுகட்டில் உயிர் துறந்த கேப்டன் ஹனீஃபுத்தீனின் பெயரை அந்தப் பகுதிக்கே வைத்திருக்கிறார்கள். 2010-இல்தான் வெளியாருக்கு இந்த ஊர் திறக்கப்பட்டது. அதன் பிறகு வந்த வருமானத்தில் பிள்ளைகள் லேவிலும் ஜம்முவிலும் படிக்கிறார்கள்.

ஞாயிறு, தாங்

சாலை தாங்கில் முடிகிறது. இதற்கு அப்பால் ஷியோக் மட்டுமே போக முடியும். அது ஸ்கர்டு பக்கம் சென்று சிந்துவில் கலக்கிறது. மலைகளின் உச்சியில் இரு தரப்புக் காவல் நிலைகளும் எங்கெங்கே என்று ஊர்க்காரர் ஒருவர் விரலால் காட்டினார். எதிரே தெரியும் ஊரில் அவருடைய மாமா மகன் இருக்கிறார்.

இங்கிருந்து வடக்கே மலைகளுக்குள் எங்கோ என்ஜே 9842 என்ற புள்ளி இருக்கிறது. 1949 ஜூலை 27 அன்று கராச்சியில் கையெழுத்தான உடன்பாடு போர்நிறுத்தக் கோட்டை அந்தப் புள்ளி வரைதான் குறித்தது. அதற்கு மேல் "வடக்கே பனிப்பாறைகள் நோக்கி" என்று எழுதி விட்டுவிட்டது. மனிதர் வாழாத பனிக்கு யார் சண்டையிடப் போகிறார்கள் என்று அன்று நினைத்திருக்க வேண்டும். 1972-இல் கோட்டை மறுபடி வரைந்தவர்களும் அதே புள்ளியில் நிறுத்திக்கொண்டார்கள். விட்ட அந்த இடைவெளிதான் 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சினில் தொடங்கிய ராணுவ நடவடிக்கைக்கும், அன்று முதல் அங்கே பனிச்சரிவிலும் குளிரிலும் போய்க்கொண்டிருக்கும் உயிர்களுக்கும் காரணம். துப்பாக்கிக் குண்டைவிட அங்கே இயற்கையே அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது.

திரும்பும் வழியில் என் மனத்தில் இருந்தது ஒரே கோரிக்கைதான். அதை இங்கே பலரும் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2005 ஏப்ரலில் ஸ்ரீநகருக்கும் முசாஃபராபாத்துக்கும், அடுத்த ஆண்டு பூஞ்ச்சுக்கும் ராவலாகோட்டுக்கும் பேருந்து விட்டார்கள். 2008-இல் அவ்வழிகளில் வணிகமும் தொடங்கியது. 2019-இல் அவையெல்லாம் நின்றுபோயின என்றாலும், பிரிந்த குடும்பங்கள் சில ஆண்டுகளாவது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கார்கில், ஸ்கர்டு பாதைக்கும் ஷியோக் வழிக்கும் அந்தச் சில ஆண்டுகள்கூடக் கிடைக்கவில்லை. எல்லைக்கோட்டை யாரும் நகர்த்த வேண்டாம். எவருடைய உரிமைக் கோரிக்கையும் இதனால் குறையாது. கடும் சோதனையோடு, கோடையில் சில நாட்கள், அறுபது வயது கடந்தவர்களுக்கு மட்டுமாவது இந்த இரண்டு பாதைகளையும் திறக்கலாம். 1971-இல் இளைஞர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. அதனால் இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும்.